மறுநாள் சொதி

கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் பெண் வீட்டார் சொதிச் சாப்பாடு போட வேண்டும். தச்சநல்லூர் மண்டபத்தில் பந்தி தொடங்கும் முன்பே பிரம்மநாயகி கணவரின் சட்டைப் பையிலிருந்த மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எல்லாரும் பாக்க அதை மெல்லாதீங்க. சாப்பிட்டுட்டு உள்ள வந்து போட்டுக்கிடலாம்."

சிவசண்முகம் காலியான பையைத் தடவிப் பார்த்தார். சாப்பாட்டோடு சேர்த்து மென்றால்தான் அந்த மாத்திரை உணவிலுள்ள பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து நிறுத்தும். பிறகு தின்று பயனில்லை. டாக்டர் அவளிடமும் சொல்லியிருந்தார். பாஸ்பரஸ் எலும்புக்கு உறுதி தரும் பொருள்தான். சிறுநீரகம் செத்த உடம்பில் அது வெளியேற வழியின்றி ரத்தத்தில் தேங்கி, அந்த எலும்பையே அரிக்கிறது. தோலுக்கடியில் ஓயாத நமைச்சல்.

டயாலிசிஸ் ஊசிக்காக அறுவை செய்து, நரம்பு புடைத்துத் துடிக்கும் இடது கையை முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துத்தான் மகள் மதுமதியின் கல்யாணத்தை முடித்திருந்தார். இனி அவள் அந்த வீட்டில் வாழ வேண்டும். மறைத்தது தெரிந்தால் அவளைத்தான் சொல்லிக் காட்டுவார்கள்.

சம்பந்தி ஆவுடைநாயகம் அவரைத் தன் பக்கத்திலேயே உட்கார்த்திக்கொண்டார். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்புமாகச் சொதி இலையில் பரவியது. இரண்டிலும் பாஸ்பரஸ் அதிகம். சிவசண்முகம் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்ன சம்பந்தி, உங்க வீட்டுச் சொதியை நீங்களே தொட மாட்டேங்கியளே. எங்களுக்குன்னு தனியா வச்சதோ?"

பந்தி சிரித்தது. சிவசண்முகம் சொதியைப் பிசைந்து தின்றார்.

"ஏ மருமவளே, இங்கன வா. அப்பாக்கு உன் கையால ஊத்து."

மதுமதி வாளியோடு வந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் சோற்றில் குழி செய்து காட்டினார். ஊற்றினாள்.

நமைச்சல் முதுகிலிருந்து தோளுக்கு ஏறியது. இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மதுமதி அடுத்த இலைக்கு நகர்ந்ததும் ஆவுடைநாயகம் அவர் காதருகே குனிந்தார்.

"எங்க அண்ணனும் டயாலிசிஸ்லதான் போனான் வே. சொறிஞ்சு சொறிஞ்சு முதுகெல்லாம் ரத்தம். மாத்திரையைச் சோத்துக்கு நடுவுலலா மெல்லணும். மறந்துட்டீரோ?"

சிவசண்முகத்தின் கை இலையிலேயே நின்றது.

"நிச்சயத்தன்னைக்கு உம்ம கையைப் பிடிச்சேன்லா. சட்டைக்குள்ள நரம்பு துடிச்சுது."

"பெறவு ஏன் சம்மதிச்சீங்க?"

"உமக்கு ஒத்தப் பிள்ளை. உம்ம வீடு என்னைக்கிருந்தாலும் என் மவனுக்குத்தானே வே. பைய சாப்பிடும்."

நிமிர்ந்து, பந்திக்கே கேட்கும்படி கூப்பிட்டார். "மருமவளே, அப்பா இலையைக் கவனி."

மதுமதி திரும்பி வந்தாள். மாமனார் சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அகப்பையை எடுக்கவில்லை.

"போதுமாப்பா?"

அவர் சோற்றில் மறுபடியும் குழி செய்தார். முதுகு எரிந்தது.

"ஊத்தும்மா" என்றார் சிவசண்முகம். "நல்லா இருக்கு."