பெரட்டுக்கு வராத ஆறு பேர்

ஈப்போவில், தஞ்சோங் ரம்புத்தான் சாலையில் எங்கள் அடுக்குமாடி நிற்கிறது. நான்கு மாடி, இருபது வீடு, எழுநூறு பூனை. ரப்பர் தோட்டத்தை மூடியபோது லயத்து வரிசை வீடுகளில் இருந்த எங்களையெல்லாம் இங்கேதான் குடிவைத்தார்கள்.

இதை இடித்துவிட்டு வானத்தைக் குத்தும் கட்டடம் எழுப்ப ஒரு நிறுவனத்துக்கு ஆசை. இதுவரை ஒரே ஒரு வீட்டுக்காரர் மறுத்தாலும் ஒரு செங்கலைக்கூடத் தொட முடியாது. வரப்போகும் சட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதுமாம். எங்கள் கணக்கில் பதினாறு வீடு.

மறுத்துக்கொண்டிருந்தவர் கீழ்வீட்டுத் துளசியக்கா. முட்டி இரண்டும் போனவர். நிறுவனம் தரும் புது வீடு பத்தொன்பதாம் மாடி என்றதும், "லிப்ட்டு கெட்டுப்போனா என்னை யாரு லா தூக்குறது?" என்று கேட்டார்.

நிறுவனத்தின் ஆள் முத்துராமன் போன மாதம் எங்களுக்குப் பிரியாணி போட்டார். கறித்துண்டு ஒவ்வொன்றும் தலையணை அளவு! சாப்பிடும்போதே ஒரு பட்டியல் சுற்றி வந்தது. என் கண்ணாடி வீட்டில். வருகைப் பதிவென்று நினைத்தேன். தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். விடியற்காலை ஆளெண்ணும் பெரட்டில் பெயர் கூப்பிடுவேன். வராதவனுக்கு அன்று வேலையில்லை; பாவப்பட்டு நானே அவனுக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அந்தக் கை சும்மா இருக்குமா? என் வீட்டோடு, சுங்காய் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த ஆறு வீட்டுக்கும் நெய் ஒழுக ஒழுகக் கிறுக்கிவிட்டேன்.

நேற்றுக் காலை முத்துராமன் வாசலில் எல்லாரையும் கூட்டி அதே பட்டியலை ஆட்டினார்.

"பதினேழு வீடு சம்மதம். சட்டம் வந்ததும் வேலை ஆரம்பம். மூட்டையைக் கட்டுங்க அக்கா."

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். தலைப்பில் எறும்பளவு மலாய் எழுத்தில் சம்மதம் என்று இருந்தது. துளசியக்கா என்னைப் பார்த்தார். "கிராணியண்ணே, நீங்களுமா?"

அவ்வளவுதான். நாற்காலிமேல் ஏறினேன். அது கதறியது.

"முத்துராமன்! இதுல ஆறு கையெழுத்து கள்ளக் கையெழுத்து. போட்டவன் நான்!"

"அண்ணே, அது குத்தம். போலீஸ் கேஸாயிடும்."

"ஆவட்டும் லா! இப்பவே கூப்பிடு. ஆறுலயும் ஒரே வால் தொங்குது பாரு, ஈப்போ ரயிலு மாதிரி!"

இரண்டாம் மாடி ஐயாவு கத்தினார்: "நான் சோத்துக்குத்தான்யா கையெழுத்துப் போட்டேன், வீட்டுக்கு இல்ல!"

"நானும்!" "நானும்!" சத்தத்தில் எழுநூறு பூனையும் கூரையேறின.

முத்துராமன் பட்டியலை மடிக்கப் பார்த்தார். விடுவேனா? பிடுங்கி, பழைய தொண்டையைத் திறந்து பெரட்டு எடுத்தேன். ஒவ்வொரு பெயராக, "சம்மதமா?" என்று கேட்டேன். மூன்றே பேர் தலையாட்டினார்கள். மற்ற எல்லா வாயிலிருந்தும், "இல்ல!"

பட்டியலில் இல்லாத பெயரைக் கடைசியில் கூப்பிட்டேன்.

"துளசி!"

வாசற்படியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இருக்கேன். இங்கதான் இருப்பேன்."