பூஜ்யத்துக்கு மேலே

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அல்சூரில், ஒரு மதியச் சாப்பாட்டு மேசையில். சொன்னவள் சங்கமித்ரா. தொம்மலூரில் சின்ன ஸ்டுடியோ வைத்துப் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்பவள். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பயம் எனக்கு எழுத உட்கார்ந்த பிறகுதான் வந்தது.

'மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு' என்று தொடங்கி நிறுத்தினேன். அன்று மழையே இல்லை. பளிச்சென்று வெயில்.

2

தினேஷ் என்று ஒருவன் தன் அக்கா கேரல் பாடிய பாட்டை மிக்ஸிங்குக்காக அவளிடம் கொண்டுவந்திருந்தான். கேரல் விபத்தில் இறந்துபோயிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்தில் அம்மா அதைக் கேட்க வேண்டும் என்றான்.

டிஜிட்டல் பதிவில் பூஜ்யம் டெசிபல்தான் உச்சம்; ஒலி அதைத் தாண்டினால் உடைந்து கரகரக்கும். மீட்டரில் சிவப்பு விழும். குரலையும் கிடாரையும் கலக்கும்போது சங்கமித்ரா அதற்குக் கீழேயே நிறுத்தியிருந்தாள். ஆனால் கலந்து முடித்து எக்ஸ்போர்ட் செய்த கோப்பில் ஓரிடத்தில் சிவப்பு விழுந்தது. இரண்டு வரிகளுக்கு நடுவே, கிடாரும் ஓய்ந்த இடத்தில், பட்டென்று ஒரு வெடிப்பு.

லெவலைக் குறைத்து மறுபடி எடுத்தாள். அதே இடத்தில் சிவப்பு. எல்லா டிராக்கையும் மியூட் செய்து எடுத்தாள். வெறும் மௌனம்தான் வந்திருக்க வேண்டும். மீட்டர் சிவந்தது.

(இங்கே 'மென்பொருள் கோளாறு' என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவளும் அப்படி நினைத்து வேறு கணினியில் போட்டுப் பார்த்தாள்.)

3

உச்சத்தைத் தாண்டிய ஒலியை வெட்டாமல் வைத்திருக்கும் கோப்பு வகை ஒன்று உண்டு. அதில் எடுத்து, ஒலியை இறக்கினால் உடைந்தது ஒன்றுசேரும். இறக்கினாள். வெடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குரலாயிற்று.

"நான் இதப் பாடல."

கேரலின் குரல்தான்.

(அது 'அலறியது' என்று எழுதியிருந்தேன். சங்கமித்ரா போனில் திருத்தினாள்: "அலறலீங்க. பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி இருந்துச்சு.")

4

தினேஷை வரவழைத்துக் கேட்க வைத்தாள். அவன் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டான். பிறகு சொன்னான். கேரல் எதையும் பாடவில்லை. அவளுடைய வாட்ஸ்அப் குரல் செய்திகளைக் கணினிக்குக் கொடுத்து அந்தக் குரலை அவன்தான் செய்திருந்தான். அம்மா சாப்பிடாமல் கிடந்தபோது, அக்கா ஒரு பாட்டுப் பாடி வைத்திருக்கிறாள் என்று ஆறுதலுக்காகப் பொய் சொல்லிவிட்டானாம்.

அந்த இடத்தை வெட்டிப் பார்த்தார்கள். வெடிப்பு அடுத்த இடைவெளிக்கு நகர்ந்தது.

"குறைச்சா பேசுது. குறைக்கலைன்னா வெடிக்குது. எப்படித் தரட்டும் தினேஷ்?"

"வெடிக்கட்டும்க்கா."

(அவள் தர மறுத்ததாக எழுதினால் எனக்கு நிம்மதியாக இருக்கும். மறுக்கவில்லை. கொடுத்தாள்.)

5

ஜெபம் முடிந்து அம்மாவின் காதில் ஹெட்ஃபோனை மாட்டினார்கள். சங்கமித்ராவும் அருகில் நின்றாள். அந்த இடம் வந்தபோது வெளியே கசிந்தது வெறும் கரகரப்பு. அம்மாவின் முகம் மாறவில்லை. பாட்டு முடியும்வரை கேட்டார். ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தார்.

"அப்ப இதுல பாடுறது யாருடா?"

'அவதாம்மா' என்று தினேஷ் சொன்னதாக எழுதினேன். அழித்தேன். உண்மையைச் சொல்லி அழுததாக எழுதினேன். அதன்பிறகு அவர் எழுந்து சாப்பிடுவாரா என்று தெரியாததால் அதையும்

நிஜத்தில் அவன் சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அம்மா இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் அவன் இடத்தில் நில்லுங்கள்.