மேஸ்திரி வந்துட்டான்

அண்ணனுக்குச் சம்பளம் பேருந்து ஓட்டுவதற்கு. வீட்டில் அவர் பார்த்ததோ துப்பறியும் வேலை. தங்கை தனியாகச் சிரித்தால் எட்டிப் பார்ப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் கிட்டே வந்து பார்ப்பார். குளியலறையில் பாட்டு முணுமுணுத்தால் போச்சு, கதவுக்கு வெளியே செருப்புச் சத்தம் கேட்கும். அவளும் அவருக்கு சி.ஐ.டி என்று பெயர் வைத்து, அண்ணியையும் அப்படியே கூப்பிடப் பழக்கிவிட்டாள்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சில வருடங்களுக்கு முன் அவள் காதுக்குள் ஒரு குரல் குடியேறியது. ஆள் கிடையாது, குரல் மட்டும். துணிக்கடையின் பின்னறையில் பேன்ட் நீளம் குறைத்து, ஜிப் மாற்றித் தருகிறவள் அவள். தையல் கோணல், நீ கோணல், உன் பிறப்பே கோணல் என்று அது நாளெல்லாம் அதட்டும். மேஸ்திரி என்று பெயரிட்டாளே தவிர, யாரிடமும் மூச்சு விடவில்லை. கடைசியில் மேஸ்திரி பேச்சைக் கேட்டு, தைத்த துணியையெல்லாம் பிரித்துப் போட்டு, நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதவளை ஆம்புலன்சில்தான் தூக்கிப் போனார்கள்.

மாத்திரை மேஸ்திரியை விரட்டியது. அது அவளைக் காப்பாற்றியது, இல்லையென்று சொன்னால் வாய் அழுகிவிடும். ஆனால் அதே மாத்திரை விரல்களை நடுங்க வைத்தது. ஊசியில் நூல் கோர்க்க அவள் பட்ட பாடு பகையாளிக்கும் வரக்கூடாது. நெடுநாள் நலமாக இருந்த பிறகு, மாத்திரை இல்லாமல் வாழ முடியுமா என்று டாக்டரம்மாவைக் கேட்டாள். அவர் முடியும் என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்க்கலாம், நீயாக நிறுத்தக் கூடாது, குரல் வந்தால் மறைக்கக் கூடாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அண்ணன் தன் சட்டத்தையும் சேர்த்துக்கொண்டார். குரல் ஒரே ஒரு தடவை வந்தாலும் பழைய அளவுதான், பேச்சே கிடையாது.

அளவு குறையக் குறைய விரல் நிலைக்கு வந்தது. முதல் முயற்சியிலேயே நூல் கோர்த்த அன்று, ஊசியை வீடு வரைக்கும் கொண்டுவந்து அண்ணிக்குக் காட்டினாள். அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள், ஒரு மதியம் ஜிப் தைக்கும்போது காதோரம் மெல்லக் கேட்டது. கோணல்.

சொன்னால் விரல் போச்சு. சொல்லாவிட்டால் மறுபடி ஆம்புலன்ஸ். சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் வீட்டுக்கு வந்தாள். அண்ணன் மாலை வேலைக்குச் சீருடை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மேஸ்திரி வந்துட்டான்."

அண்ணி கையிலிருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அண்ணன் வாயைத் திறந்தார். சட்டம்தான் வரப்போகிறது என்று தங்கை கண்ணை மூடிக்கொண்டாள். அவர் என்ன நினைத்தாரோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் கேட்குதா, கேட்குதா என்று இத்தனை காலமாக அரித்தெடுத்தவர், ஒருநாளும் கேட்காததை அன்று கேட்டார்.

"என்னம்மா சொல்றான்?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "கோணலாம்."

"எது?"

"இப்ப... உங்க சட்டை."

அண்ணன் குனிந்து பார்த்தார். ஒரு பொத்தான் தள்ளித்தான் போட்டிருந்தார். அண்ணிதான் முதலில் சிரித்தாள். பிறகு மூன்று பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா அளவைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கொஞ்ச காலம் இதிலேயே நிற்கலாம், தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள், சீக்கிரம் மறுபடி வா என்றார். அப்ப பழைய அளவு வேண்டாமா என்று அண்ணன் இழுத்தார்.

"போன தடவை தூக்கிட்டு வந்தீங்க. இந்தத் தடவை அவளே உங்களைக் கூட்டிட்டு வந்திருக்கா," என்றார் டாக்டரம்மா.

அடுத்த நாள் காலை வேலைக்குக் கிளம்பியவர், பால்காரரை விசாரிப்பதுபோல வாசலில் நின்று கேட்டார்.

"மேஸ்திரி வந்தானா?"

"வந்தான். எனக்கு வேலை இருக்குன்னு சொல்லி உக்கார வெச்சிருக்கேன்."

"சரி, இருக்கட்டும். சாயங்காலம் வந்து நான் பேசிக்கிறேன்."

சி.ஐ.டி படியிறங்கிப் போனார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள்தான் ஜன்னலுக்கு ஓடி, அவர் தெருமுனை தாண்டும்வரை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.