பொருளாதாரத் துறையின் உயரம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரத் துறையில் அப்போதெல்லாம் எந்த ஆசிரியருடைய காலும் தரையில் பட்டதில்லை. 'மற்றவை மாறாதிருந்தால்' என்ற பாடப்புத்தக நிபந்தனையை மனதார நம்பிச் சொல்லும் அன்று ஒருவர் நான்கு விரற்கடை மேலெழுவார். அதன்பிறகு ஓய்வுபெறும்வரை அவருக்குச் செருப்புத் தேயாது. பெருக்குகிறவர்களுக்கு இது வசதி. பதவி உயர்வின்போது உயரத்தையும் பார்த்தார்கள்.

மங்கலம் ஆறு வருடம் அங்கே ஆராய்ச்சி செய்தும் ஒரு நூலிழைகூட எழும்பவில்லை. அவளுடைய அம்மா மாடம்மாள் ஆரியசாலைக் கடைத்தெரு முக்கில் வாழைப்பழம் விற்பவள். காலையில் முதலில் வருகிறவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிடுவாள். போணியில் பேரம் பேசினால் அந்த நாள் விளங்காது. தன் லாபத்தை மட்டுமே நினைக்கும் மனிதன் என்று பாடப்புத்தகம் சொன்ன ஆளை மங்கலம் அந்தக் கடைத்தெரு முழுக்கத் தேடினாள். அகப்படவில்லை. அதையே ஆய்வேடாக எழுதினாள். வழிகாட்டி ஸ்ரீலட்சுமி டீச்சர் மேலே நின்றபடியே, மலையாளம் கலந்த தமிழில், "போணிய அடிக்குறிப்புல போட்டா மதி, அதுவே போதும் மோளே, இல்லேன்னா பட்டம் கிட்டாது" என்றார். மங்கலத்துக்குச் சுருக்கென்றது. அம்மா என்ன அடிக்குறிப்பில் உட்காருகிற ஆளா? ஒரு வரியையும் மாற்றவில்லை.

வாய்மொழித் தேர்வன்று மாடம்மாள் ஒரே ஒரு போணியோடு கடையைச் சாத்திவிட்டு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தென்காசியிலிருந்து ரயிலில் வந்திருந்த புறத்தேர்வாளர் குற்றாலலிங்கம் ஆறு விரற்கடை உயரத்தில் மிதப்பவர். இது பொருளாதாரமே அல்ல, ஊர்க்கதை, பட்டத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்றார். அப்போது பின்னாலிருந்து மாடம்மாள் எழுந்தாள்.

"சாரு கேட்ட வெலைக்குத்தான காலைல பழம் தந்தேன்? பின்ன எதுக்குத் திரும்பி வந்து பத்து ரூவா வச்சிட்டுப் போனிய?"

குற்றாலலிங்கம், "மனசு கேக்கல," என்றார். அந்தச் சொல்லோடு அவருடைய பூட்ஸ் 'டக்'கென்று தரையில் பட்டது ஹால் முழுக்கக் கேட்டது. குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு, பழக்கமில்லாத காலை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து மேசைக்கு வந்து, கையெழுத்துப் போட்டார். மங்கலம் அழவில்லை. அம்மாவைப் பார்த்தாள், அப்படியொரு கர்வம் அவளுக்கு அதுவரை வந்ததில்லை.

இப்போது அதே துறையில் பாடம் எடுக்கிறாள். மிதக்கிறவர்களுக்காக உயர்த்திச் செய்திருந்த மேசை அவளுக்கு உயரமாக இருந்ததால், அலுவலகம் ஒரு மேசையின் கால்களை அறுத்துக் கொடுத்தது. போன ஜூனில் இன்னும் பதினொரு மேசைகளை அறுக்கச்சொல்லி விண்ணப்பம் போயிருக்கிறது. முதல் கையெழுத்து ஸ்ரீலட்சுமி டீச்சருடையது.