பதினோராம் நாள் முகம்

1953 சித்திரையில் பெரியபட்டினத்துக்குக் கல்யாணப் படம் பிடிக்கப் போன பாம்பன் வேதமுத்து, பதினோரு நாள் கழித்து கல்யாண வீட்டுக்காரர் மஹ்மூது மரைக்காயர் குடும்பத்து முகத்தோடு திரும்பி வந்தார். மூக்கு நீண்டிருந்தது, அந்த வீட்டு ஆண்களுக்கெல்லாம் விழும் கன்னக்குழி இவருக்கும் விழுந்தது. அந்த வருஷம் வலையில் நெத்திலி நன்றாகப் பட்டதால் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மனைவி ஜோதிமேரி மட்டும் கதவைத் திறக்கவில்லை. "யாருய்யா நீ? எம் புருசன் வரட்டும், அப்பறம் பேசிக்கிறேன்" என்றாள். படம் கழுவும் மருந்தில் கறுத்த நகங்களை ஜன்னல் வழியே நீட்டிக் காட்டிய பிறகுதான் உள்ளே விட்டாள்.

வேதமுத்துவுக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. தங்குகிற வீட்டில் அவர்களில் ஒருவராகிவிட்டால்தான் படத்தில் உயிர் வரும் என்பார். பெரியபட்டினத்தில் தொப்பி போட்டு, நாலு பேரோடு ஒரே சஹன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டார். கமுதியில் இருளாண்டி குடும்பத்தோடு மிளகாய் பறித்து, தும்மித் தும்மி, அவர்களுடைய அடர்ந்த புருவத்தோடு வந்தார். பத்து நாள் வரை ஒன்றுமிருக்காது. பதினோராம் நாள் விடியும்போது முகம் மாறியிருக்கும். புது முகத்தோடு ஊரில் ஒரு வாரம் பெருமையாகத் திரிவார். பிறகு அடுத்த ஊருக்கு அரிப்பெடுத்துவிடும்.

1958இல் ஜோதிமேரி கேட்டாள்: "என்னையக் கட்டுனப்ப இருந்த மொகம் எங்கங்க?" அவருக்கு ஞாபகமில்லை. எழுபது முகம் பார்த்ததில் அவளுக்கும் அது கலைந்துபோயிருந்தது. ஊரைக் கேட்டால் ஆளுக்கொன்று சொன்னார்கள். படமாவது இருக்கிறதா? தன் கல்யாணத்துக்கும் தானே படம் பிடித்த புத்திசாலி அவர்! தாலி கட்டிய நேரம் போக மீதி நேரமெல்லாம் கேமராவின் கறுப்புத் துணிக்குள்தான் இருந்தார். ஒரு படத்திலும் மாப்பிள்ளை இல்லை. சொந்த முகத்தைத் தொலைத்துவிட்டோமே என்று கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அழுதார் மனுஷன்.

நம் வீட்டிலேயே பதினோரு நாள் இருந்தால் திரும்பி வந்துவிடும் என்றாள் ஜோதிமேரி. கல்யாணமான ஒன்பது வருஷத்தில் அவர் அப்படி இருந்ததே கிடையாது. இருந்தார். பாலத்தில் ரயில் வரும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பதினோராம் நாள் காலையில் அவரை உட்காரவைத்து, படம் விழ அவள் கேமராவின் ரப்பர் குமிழை அமுக்கினாள். கழுவிப் பார்த்தால், படத்தில் மீசை வைத்த ஜோதிமேரி.

"இதுவும் எம் மொகம் இல்லையே மேரி" என்று உடைந்துபோனார்.

அவள் அந்த முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள். "இங்கன சோறு தின்னா இந்த மொகந்தான் வரும். இதுக்கென்ன கொறச்சல்? நீங்க வீட்டுல அடங்குற ஆளில்ல, போயிட்டு வாங்க. எந்த மொகத்தோட வந்தாலும் எம் புருசன்தான்."

மறுநாளே கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு பாம்பன் ஸ்டேஷனில் முன்பின் தெரியாத முகம் ஏதாவது கேமராப் பெட்டியோடு இறங்கினால், யாரும் ஊர் பேர் விசாரிப்பதில்லை. உலை வைக்கச் சொல்லி ஜோதிமேரிக்கு ஆள் அனுப்பிவிடுவார்கள்.