ஆறாவது ஆள்

அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் ஒரு பெண்மணி நிற்பதை மகள் பார்த்தாள். முன்பின் பார்த்த முகமில்லை. இந்தச் சாவுக்கு எண்ணி ஏழு பேர் வந்ததே பெரிய காரியம், எட்டாவதாக இது யார் என்று நினைத்தாள்.

போலீஸ் வேன் டிரைவராக இருந்த அப்பாவின் வீட்டுப் பக்கம் பன்னிரண்டு வருடமாக யாரும் தலை வைத்துப் படுத்ததில்லை. அந்த வருடம் ஆலைத் தொழிலாளர் ஐந்து பேரை ஒரு விடியற்காலையில் லாக்கப்பிலிருந்து கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. வேனை ஓட்டியவர் இவர்தான் என்று மனித உரிமை அறிக்கை ஒன்றில் பெயரோடு அச்சாகிவிட்டது. உண்மையில் அன்று காலை வண்டியை எடுத்தவர் வேறொருவர். மகள் அந்த அறிக்கையை வெளியிட்ட அமைப்புக்கு நடையாய் நடந்தாள். கடைசியில் ஆய்வாளர் பெண் ஒருத்தி பழைய பணிப் பதிவேட்டைத் தேடிப் பிடித்து, நேரில் வந்து, "எங்க தப்புதான், திருத்திடறோம்" என்றாள். அதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அப்பா அதோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"முந்தின நாள் சாயங்காலம் ஆலை வாசல்ல இருந்து அவங்கள ஏத்திட்டு வந்தது நான்தான். அதையும் போடுங்க. அஞ்சு இல்ல, ஆறு பேரு. கடைசியா ஏறுனவரு கால விந்தி விந்தி நடந்தாரு."

"ஏம்ப்பா, நீங்களே உங்க தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க?" என்று மகள் பாய்ந்தாள்.

"இத்தன வருஷம் பயந்துகிட்டு சொல்லாம இருந்துட்டேன். அவரு வீட்ல தேடிட்டிருப்பாங்கம்மா."

ஆய்வாளர் பெண் மூன்று மாதம் அலைந்து, விந்தி நடந்தவரின் வீட்டைக் கண்டுபிடித்தாள். நேற்றுத் திருத்தம் வெளியானது. மகள் படித்துக் காட்டியபோது அப்பா தன் பெயரைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"ஆறுன்னு போட்டுட்டாங்களா?"

"போட்டுட்டாங்கப்பா."

இன்று காலை மூச்சு அடங்கியது.

வந்தவர் உள்ளே வந்து உடலைப் பார்த்ததும் திகைத்து நின்றார். செய்தி தெரியாமலே வந்திருக்கிறார்.

"அந்த ஆறாவது ஆளு என் வீட்டுக்காரருங்க" என்றார்.

மகள் பொத்தானை விட்டுவிட்டு எழுந்தாள்.

"எவளோடயோ ஓடிப்போயிட்டாருன்னு ஊரே சொல்லுச்சு. நானும் நம்பி, பன்னெண்டு வருஷமா அவர திட்டிட்டே இருந்தேன். ஏத்திட்டு வந்தது இவருதான்னும் படிச்சேன். இருந்தாலும் நேர்ல ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டுப் போலாம்னு..."

அந்த ஆய்வாளர் பெண் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட வேண்டும்போல் மகளுக்கு இருந்தது. நாற்காலி ஒன்றை எடுத்து அப்பாவின் தலைமாட்டில் போட்டாள்.

வந்தவர் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உடலை எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.