மார்சிலிங் வரைக்கும்

ஐந்து மணி தாண்டி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, மதலேனாவின் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிட்டது. "மார்சிலிங்ல ரொம்பத் தெளிவா கேக்குது தங்கச்சி. கையெழுத்துப் போட்டுடு." அனுப்பியவர் சுந்தரம். சிராங்கூன் சாலைக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில் குந்தியிருந்த மதலேனா அதைப் படித்துவிட்டுத் தன் கையைப் பார்த்தாள். ஆன்டெனா வயர் ரேடியோவில் உட்கார மாட்டேன் என்று இன்னும் அடம்பிடித்துக்கொண்டிருந்தது. மாட்டாத வயரில் என்னத்தைக் கேட்டாராம் இந்த மனுஷர்?

அமெச்சூர் ரேடியோ சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். தீவின் மூலை முடுக்கிலிருந்து வரும் மெல்லிய குரல்களை வாங்கி, உரக்கத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்று சங்கத்துக்கு உண்டு. அது இருக்கும் பழைய கட்டடத்தை மாதக் கடைசியில் இடிக்கிறார்கள். புது இடமாக இந்த மாடி சரிப்படுமா என்று ஐந்து மணிக்குக் கூப்பிட்டுப் பார்ப்பதாகவும், எல்லாருக்கும் கேட்டால் படிவத்தில் கையெழுத்துப் போடுவதாகவும் சங்கத்தாரிடம் சொல்லியிருந்தாள். இங்கே பலரும் பங்கு போட்டுக்கொள்ளும் டவரில் உச்சி ஒரு டாக்சி கம்பெனிக்கு, வடக்குப் பக்கம் ஒரு செக்யூரிட்டி கம்பெனிக்கு. மிச்சம் தெற்குப் பக்கம் ஆன்டெனா மாட்டும் ஒரு இரும்புக் கை மட்டும். அங்கே மாட்டினால் வடக்கே போகிற குரலை டவரின் இரும்பே மறைத்துக்கொள்ளும். மார்சிலிங் வடக்கே இருக்கிறது.

சுந்தரத்துக்குச் சர்க்கரை நோயில் ஒரு கால் போய்விட்டது. மார்சிலிங் வீட்டில் தனியாள். தினமும் மாலை ஏழரைக்கு ரேடியோவில் பெயர் கூப்பிடும்போது, "சுந்தரம் ஆஜர், இன்னைக்கு ரசம்" என்பார். முப்பது வீடுகளில் சிரிப்பு எழும். ஒருநாள் ஆஜர் வரவில்லை. அன்று ஆம்புலன்சுக்குச் சொன்னது மதலேனாதான்.

ஒருவழியாக வயர் உட்கார்ந்தது. ஆன்டெனாவைத் தெற்குக் கையில் கட்டினாள். கூப்பிட்டாள். மேற்கே பூன் லே கேட்டது, துவாஸ் கேட்டது. மார்சிலிங்கை மூன்று தடவை கூப்பிட்டும் இரைச்சல்தான். போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க மெசேஜ் அனுப்பினப்ப நான் வயரே மாட்டல."

அந்தப் பக்கம் சுந்தரம் சிரித்தார். "சரி, பிடிபட்டுட்டேன். எல்லாருக்கும் கேக்குதில்ல? ஒருத்தனுக்காக இடத்த விடுவியா? எனக்கு டிவி இருக்கு லா."

"டிவி உங்கள ரசமா சாம்பாரான்னு கேக்குமா?"

கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் அலீம் படிவத்தோடு வந்து நின்றார். "ஆன்ட்டி, அஞ்சரைக்கு ஆபீஸ் மூடிருவாங்க. விட்டா இதுவும் போயிடும்."

"வடக்குப் பக்கம் எடுத்தவங்க இன்னும் ஒன்னும் மாட்டலையே?"

"கேட்டா மாத்திக்கிட்டாலும் மாத்திக்குவாங்க. மாட்டேன்னும் சொல்லலாம். அதுக்குள்ள இது கைவிட்டுப் போயிடும், சொல்லிட்டேன்."

அங்கிருந்தாவது மார்சிலிங்குக்கு எட்டுகிறதா என்று பார்க்க, அவள் ஆன்டெனாவை அவிழ்த்துக்கொண்டு வடக்குப் பக்கம் நடந்தாள்.

"அண்ணே, போன வச்சிட்டு ரேடியோவ எடுங்க. நல்லா கேக்குதுன்னு சொல்லக் கூடாது. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லணும்."

ஆன்டெனாவைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். எதிர் மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"கொடியில மூணு நீலச் சட்டை காயுது."

பேசும் பொத்தானை விட்டாள். இரைச்சல். இரைச்சலுக்குள் எங்கோ ஒரு இருமல்.

"...நீலச் சட்டை..." என்றது சுந்தரத்தின் குரல். "எத்தனைன்னு சொன்னே?"

"அலீம், அந்த ஸ்டூல எடுத்துட்டு வாங்க!"

படிவத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார் அலீம். மதலேனா ஏறிக் கையை இன்னும் உயர்த்தினாள். எதிர் மாடியில் ஒரு பெண் வந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கியிருந்தாள்.